பொத்தான் அளவு தொண்டை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். உன் கழுத்துப் புண் ஆறிவிட்டதா, மூச்சு சிரமமில்லாமல் வருகிறதா, மாமா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. போனில் கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

ஆபரேஷனுக்கு என்னால் வர முடியவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை என்று மாமாவிடம் சொன்னேன், உன்னிடமும் சொல்லியிருப்பார். இருபது வருஷம் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூவிய குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. நீ கூவினால் தெருக்கோடி டீக்கடையில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்களே.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. "எலி வெட்டுறா" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாய். எலியெல்லாம் இல்லை. ஆபரேஷன்களில் மிச்சமாகும் குரல்நாண் துணுக்குகளை, நோயாளிகளிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, எங்கள் ஆய்வகத்துக்குத் தருகிறார்கள். அதிலிருந்து செல்களைப் பிரித்து ஜெல்லுக்குள் வளர்க்கிறோம். வெறும் பிளாஸ்டிக் தட்டில் விட்டால் செல்கள் சப்பையாகப் படுத்துக்கொண்டு தாங்கள் யாரென்றே மறந்துவிடும். ஜெல்லுக்குள் விட்டால் நாலா பக்கமும் கைகால் நீட்டி, உடம்புக்குள் இருப்பது போல இருக்கும்.

ஒரே வரியில் சொன்னால், உனக்கு ஒரு தொண்டை வளர்த்துக்கொண்டிருக்கிறேன்! போதுமா? சிரித்தாயா?

உன் தங்கை


மார்ச் 1

சுண்டுவுக்கு,

புண் ஆறிவிட்டது. கழுத்தில் இருக்கிற ஓட்டை வழியாக மூச்சு ஜம்மென்று வருகிறது. உன் மாமா வேளைக்குச் சாப்பிடுகிறார், எனக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறார். மூன்று பதிலும் வந்துவிட்டதா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஏன்டி இத்தனை வருஷம் இதைச் சொல்லவில்லை? தொண்டை வளர்க்கிற வேலை என்று தெரிந்திருந்தால் எலி வெட்டுகிறாள் என்று ஏன் சொல்லப்போகிறேன். மறுநாளே கடிதத்தை மார்க்கெட்டுக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். முட்டைக்கோஸ் மண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்னை இப்போது வாசலில் சீட்டு எழுதுகிற மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். லாரி வரும், எண்ணைக் குறிப்பேன், சீட்டைக் கிழிப்பேன். ஏலத்துக்குப் புதிதாக ஓர் ஆள் போட்டிருக்கிறார்கள். அவர் விலை சொன்னால் தக்காளிக்கே கொட்டாவி வரும். எழுந்து போய் அவர் கையிலிருக்கிற மணியைப் பிடுங்க வேண்டும் போல இருக்கிறது. பிடுங்கி என்ன செய்ய.

இத்துடன் ஒரு நூல் வைத்திருக்கிறேன். என் கழுத்துச் சுற்றளவு. முதல் முடிச்சு சுற்றளவு, இரண்டாவது முடிச்சு மோவாயிலிருந்து ஓட்டை வரைக்கும் உள்ள நீளம். தையல்காரம்மாவிடம் கொடுத்து அளந்தேன். அளவு தெரியாமல் நீ பாட்டுக்குப் பெரிதாக வளர்த்துவிடாதே.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிந்து நிம்மதி.

நூல் வந்தது. என் மேசைக்கு எதிரே இருக்கிற பலகையில் ஊசி குத்தி வைத்திருக்கிறேன். எதிர்மேசைக்காரர் என்னவென்று கேட்டார். "எங்கக்காவோட கழுத்து" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அன்று முழுக்க நான் பேசிய வார்த்தைகள் அவைதான்.

இங்கே பேச ஆளில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஐந்து பேர் ஒரே அறையில் வேலை செய்கிறோம். ஆனால் ஆளுக்கொரு கண்ணாடித் தடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்போம். என் செல்களுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை சோறு போட வேண்டும். சோறு என்றால் ஒரு ரோஸ் நிறத் தண்ணீர். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அது சனி ஞாயிறு பார்ப்பதில்லை. சனிக்கிழமைகளில் நான் மட்டும்தான் வருவேன். அவற்றோடு பேசிக்கொண்டே ஊற்றுவேன். "சாப்பிடுங்க, அப்புறம் சண்டை போடலாம்" என்பேன். ஏனென்றால் அவை ஜெல்லைப் பிடித்து உள்பக்கமாக இழுக்கின்றன. தட்டின் விளிம்பை விட்டு ஜெல் சுருங்கி வந்துவிடுகிறது. ஜெல் இறுகினால் செல்களும் இறுகித் தழும்பு மாதிரி ஆகிவிடும். சரியான பதம் பிடிக்கத்தான் இத்தனை பாடு.

இப்போதைக்கு ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு இருக்கிறது. மெல்லிசாக இருக்கும்.

முட்டைக்கோஸ் மண்டிக்காரரை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை


ஏப்ரல் 12

சுண்டுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடு. செல்களுக்குப் போடுகிற சோற்றில் பாதியாவது உனக்கும் போட்டுக்கொள்.

பொத்தான் அளவு என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, போகப் போகப் பெரிதாகட்டும். எனக்கு அவசரமில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா கூப்பிட்டனுப்பினார். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சின்னதாக ஒரு வால்வு வைப்பார்களாம். கழுத்து ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மூச்சை விட்டால் பேச்சு வருமாம். பயிற்சி முடித்த ஒருவரைப் பேசிக் காட்டச் சொன்னார். அவர் "வணக்கம்மா" என்றார். சாணை பிடிக்கிற சத்தம் மாதிரி இருந்தது. நான் ஒரு சீட்டில், "என் தங்கச்சி எனக்குத் தொண்டை வளர்க்குறா, இது வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த அம்மா சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒன்று கேட்கிறேன். அது என் பழைய குரலாகவே வருமா, இல்லை அந்தத் துணுக்கைக் கொடுத்தவருடைய குரலாக வருமா? ஆம்பிளைக் குரலாக இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

பேச்சு போனதும் காதும் போய்விட்டதென்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னிடம் கத்திக் கத்திப் பேசுகிறார்கள். மார்க்கெட்டில் கூட்டமாகச் சிரிக்கும்போது நான் ஒரு பதில் எழுதி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கேயோ போய்விடுகிறது. எழுதினதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து எண்ணினால் எட்டு ஒன்பது இருக்கும். இதையெல்லாம் உன் மாமாவிடம் சொல்வதில்லை.

உன் அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

இங்கே ஒரு அசம்பாவிதம். போன வாரம் செல்களை வைத்து வளர்க்கிற சூட்டுப்பெட்டிக்குள் பூஞ்சை புகுந்துவிட்டது. பன்னிரண்டு தட்டும் காலி. தெளிவாக இருந்த ரோஸ் தண்ணீர் மோர் மாதிரி கலங்கிப்போயிருந்தது. எல்லாவற்றையும் மருந்து ஊற்றிக் கொன்று, பெட்டியைக் கழுவி, முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம்.

அதனால் கொஞ்சம் நாளாகும் அக்கா.

குரல் பற்றிக் கேட்டிருந்தாய். அடுத்த கடிதத்தில் விளக்கமாக எழுதுகிறேன். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தங்கை


ஜூன் 2

அன்புள்ள சின்னவளுக்கு மாமா எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை உன் அக்காவுக்குத் தெரியாமல் லேத் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. எண்ணெய்க் கறையைப் பொருட்படுத்தாதே.

நீ எழுதின கடிதத்தையெல்லாம் அவள் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். பூஞ்சை வந்த கடிதம் கிடைத்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மார்க்கெட்டுக்கும் போகவில்லை. சீட்டு மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். நான் வீட்டுக்குப் போனால் எதையாவது எழுதி நீட்டுவாள். எனக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடுவாள். என்ன எழுதியிருந்தாளோ தெரியாது.

பேச்சுப் பயிற்சி அம்மாவுக்கு வருஷக் கடைசியில் வேறு ஊருக்கு மாற்றல். அதற்குப் பிறகு இங்கே அந்த வகுப்பு இல்லை. ஜூலைக்குள் வால்வு வைத்தால்தான் பயிற்சி முடிக்க முடியும் என்கிறார். இவள் ஒரே பிடியாக இருக்கிறாள். கேட்டால் உன் கடிதத்தை எடுத்துக் காட்டுகிறாள்.

நான் படிக்காதவன். எனக்கு ஒன்று மட்டும் சொல். அந்தத் தொண்டை எப்போது வரும்? வரும் என்றால் காத்திருக்கிறோம். வராது என்றால் அதை அவளிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் நம்பமாட்டாள்.

இப்படிக்கு,
மாமா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்குத் தகுதி இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உனக்குத் தொண்டை வராது. இந்த வருஷமும் வராது, நானும் நீயும் கிழவியான பிறகும் என் மேசையிலிருந்து வராது. நான் வளர்ப்பது தொண்டை இல்லை. குரல்நாணின் மேல்தோல் மாதிரி ஒரு சின்னப் படலம். அதன்மேல் தழும்பை ஆற்றும் மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எது வேலை செய்கிறது, எது செல்லைக் கொல்கிறது என்று பார்ப்போம். மனுஷனுக்குக் கொடுக்கும் முன் செய்கிற சோதனை. பார்த்து முடித்ததும் தூக்கிப் போட்டுவிடுவோம். அதை யார் கழுத்திலும் வைப்பதில்லை. முழுக் குரல்வளையை வளர்த்துப் பொருத்துவது எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது.

"உனக்கு ஒரு தொண்டை வளர்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதியது வேடிக்கைக்கு. நூல் வந்த அன்றே உனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை என்று தெரிந்துவிட்டது. அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பூஞ்சை வந்தது நிஜம். ஆனால் அதைச் சாக்காக வைத்து "கொஞ்சம் நாளாகும்" என்றேனே, அது அப்பட்டமான பொய்.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் என்னை எதிர்பார்த்து யாரும் இல்லை அக்கா. நான் ஒரு வாரம் வராவிட்டால் செல்களுக்குச் சோறு போடவில்லையே என்றுதான் தேடுவார்கள். நீ ஒருத்தி எனக்காகக் காத்திருந்தாய். நாலு தடவை கடிதத்தைப் படித்தேன் என்று எழுதினாய். அதை விட்டுவிட மனசு வரவில்லை. உன் கழுத்தை வைத்து நான் என் தனிமையைத் தீர்த்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு வர விடுப்புக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவே இல்லை. சத்தமில்லாத உன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்த அம்மாவிடம் போ. ஜூலைக்குள் வால்வை வைத்துக்கொள். சாணை பிடிக்கிற சத்தமாக இருந்தாலும் பரவாயில்லை. என்னைத் திட்டவாவது உனக்கு ஒரு குரல் வேண்டும்.

உன் தங்கை


ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மாமா நலமா?

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபால்காரர் வருகிற நேரம் எனக்கு மனப்பாடம். ஆய்வகத்திலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். மாமாவுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். "இருக்கா, நல்லா இருக்கா, அவளே எழுதுவா" என்று சொல்லி வைத்துவிட்டார். வால்வு பற்றிக் கேட்டால், "என்னைய எதுவும் சொல்லக் கூடாதுன்னுட்டா" என்கிறார்.

கோபமாக இருந்தால் கோபத்தையே எழுது. வெறும் உறையையாவது அனுப்பு.

நூலைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். தூக்கிப் போடவில்லை.

உன் தங்கை


ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதுவது எனக்கே பழக்கமாகிவிட்டது. நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நீ பதில் போடாவிட்டாலும் எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். புதிய ஜெல் பதம் சரியாக வந்துவிட்டது. மூன்று வாரமாகியும் விளிம்பை விட்டு நகரவில்லை. ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இங்கே ஒரு தொல்லை. மூன்று சனிக்கிழமையாகக் காலை பத்து மணிக்கு ஒரு குடிகாரன் போன் செய்கிறான். அந்த நேரம் கையில் உறை மாட்டிக்கொண்டு செல்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பேன். முழங்கையால் தட்டி எடுக்க வேண்டியிருக்கிறது, எண்ணைக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் நீளமாக ஒரு மூச்சு. பிறகு கரகரவென்று, "உண்டு... உண்டு" என்கிறான். வயசான ஆள் போலிருக்கிறது. முதல் தடவை, "யாருய்யா நீ? என்ன வேணும்?" என்று கேட்டேன். மறுபடி "உண்டு" என்கிறான். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாவது வாரமும் அதே. மூன்றாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "காலங்காத்தால ஊத்திக்கிட்டு பொம்பளைங்களுக்குப் போன் பண்றியே, வெக்கமா இல்ல? வைய்யா போன!" என்று கத்திவிட்டேன். சாயங்காலம் அந்த எண்ணைத் தடுத்தும் வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இந்த மாதம் எனக்கு வந்த போன் அது ஒன்றுதான்.

எழுது அக்கா.

உன் தங்கை


செப்டம்பர் 8

சுண்டுவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் மாமாவுக்கு மூக்கிலேயே தொங்குகிற மாதிரி கயிறு கட்டின கண்ணாடி வாங்கியாகிவிட்டது.

அந்தக் குடிகாரன் நான்தான்.

உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு உனக்கு மூன்று பதில் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். அவற்றில் இருந்த வார்த்தைகளை நீ படிக்காமல் போனதே நல்லது. பிறகு யோசித்தேன். பொத்தான் அளவு என்று நீ மார்ச்சிலேயே எழுதியிருந்தாய். படித்துவிட்டுப் பெரிதாகட்டும் என்றவள் நான். நீ பொய் சொன்னாய், நான் அதைப் பிடித்துத் தொங்கினேன். உன்னை மட்டும் திட்டி என்ன பயன்?

ஜூலை ஆறாம் தேதி வால்வு வைத்துக்கொண்டேன். பயிற்சி அறையில் ஏழு பேர் இருக்கிறோம். ஏழு பேரும் கழுத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். முதல் நாள் அந்த அம்மா, "ஆ சொல்லுங்க" என்றார். அடைத்துக்கொண்டு மூச்சை விட்டேன். ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது. யார் உள்ளே வந்தது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

எல்லோரும் முதலில் 'அம்மா' பழகுவார்களாம். நான் சுண்டு என்றுதான் பழகுவேன் என்று எழுதிக் காட்டினேன். 'சு' வராது, மூச்சு பத்தாது, கஷ்டம் என்றார். பார்க்கலாம் என்றேன். ஒரு மாதம் அந்த ஒரு சொல்லையே போட்டு உருட்டினேன். எனக்கு 'சு' வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் அது உனக்கு 'உண்டு' என்று கேட்டிருக்கிறதென்று தெரிந்தது.

உனக்கு முன்னாலேயே எழுதாததற்குக் காரணம், திடீரென்று கூப்பிட்டு உன்னை அழவைக்க வேண்டும் என்ற ஆசை. அதனால்தான் என் போனை விட்டுவிட்டு வகுப்புப் போனில் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். நீ "வைய்யா போன" என்றதும் ஆறு பேரும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். என் கூடப் பிறந்தவளுக்கே நான் யாரோ ஒரு கிழவன். அது எனக்கு ஆபரேஷனை விட அதிகமாக வலித்தது, சும்மா சொல்லவில்லை.

உன்மேல் கோபமில்லை. எனக்கே தெரியாத குரலை உனக்கு எப்படித் தெரியும்? ஆனால் இதற்கு மேல் வேறு குரல் எனக்கு வரப்போவதில்லை. இதைக் கேட்டதும் இன்னார் என்று சொல்ல இந்த உலகத்தில் உன் மாமா ஒருத்தர்தான் இருக்கிறார். ஒருத்தர் போதவில்லை.

அந்த எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறாயே, முதலில் அதை எடுத்துவிடு. வருகிற இருபதாம் தேதி சனிக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். கையுறையைக் கழற்றிவிட்டு எடு. நான் மூச்சுப் பிடிக்கிற வரைக்கும் பேசாமல் இரு. நான் என்ன சொன்னாலும், அது உனக்கு எப்படிக் கேட்டாலும், யார் என்று மட்டும் கேட்காதே. "அக்கா" என்று சொல்.

உன் அக்கா